மலையிலிருந்து இறங்காத ஓவியர்

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் கலைக்கூடத்தில் படங்களைப் பார்ப்பது என் வேலை இல்லை. படங்களைப் பார்க்க வருகிறவர்களைப் பார்ப்பதுதான் வேலை. கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அறை மூலையில் நிற்கவேண்டும், கதிரையில் இருக்கக்கூடாது. யாராவது விரலை நீட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனால் ஒரு அடி பின்னால் நிற்கச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடமாக இதையே சொல்லி வருகிறேன். படித்த சனம்தான் கூடுதலாகத் தொடப் பார்க்கும். சின்னப் பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள்.

போன இலையுதிர்காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஓவியரின் படங்களைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்கர். மலை, ஆறு, மேகம், மரம், இவ்வளவுதான் கீறுவார். என்னைக் கொண்டுபோய் மூன்றாவது அறையில் நிறுத்தினார்கள். அந்த அறையில் சுவர் நிறைய ஒரே பள்ளத்தாக்கு. ஒரே மலையின் மேலிருந்து, காலையிலும் பின்னேரத்திலும், பனியிலும் கோடையிலும், திருப்பித் திருப்பி அதையே கீறி வைத்திருந்தார். விட்பியில் இருக்கும் என் மகளுக்குப் போன் எடுத்து, "இந்த மனுசனுக்கு வேற இடமே கிடைக்கேல்லைப் போல," என்று சிரித்தேன். "அம்மா, இட்ஸ் ஆர்ட். நீங்கள் சும்மா குறை சொல்லாதேங்கோ," என்றாள்.

மூன்றாம் நாள்தான் அந்த வீடு என் கண்ணில் பட்டது. பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றின் வளைவில், அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் கூரை தெரிந்தது. கூரையில் புகைபோக்கி, அதிலிருந்து தலைமயிர் பருமனில் புகை. பக்கத்துப் படத்தைப் பார்த்தேன். அதிலும் அதே வீடு, அதே புகை. அறையில் இருந்த ஒரு படத்திலும் அதை அவர் விடவில்லை. சனத்தைத் தாண்டவிடாமல் நான் காவல் காக்கிற கோட்டைத் தாண்டி அன்றைக்கு நானே நின்றேன்.

அன்றைக்கே கண்காட்சிப் புத்தகத்தின் மூலை மடங்கிய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசித்தேன். என் ஆங்கிலத்துக்கு அது மெல்லத்தான் ஓடும். ஓவியர் ஒரு கமக்காரரின் இளைய மகன். தகப்பன் வேளைக்கே செத்துப்போக, மூத்தவர்தான் வயலைப் பார்த்தார். இளையவர் கலப்பையைப் பிடித்த நேரத்தை விட வேலியில் சாய்ந்து மேகம் பார்த்த நேரம் கூட. மூத்தவர் ஏசவில்லை. தன் குதிரையை விற்று, தம்பியை நகரத்தில் செப்புத் தகட்டில் எழுத்து வெட்டும் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பினார். அங்கே ஏழு வருடம் வரைபடங்களும் விசிட்டிங் கார்ட்டுகளும் வெட்டினார். எல்லா எழுத்தையும் இடம் வலம் மாற்றி வெட்டவேண்டும், ஒரு கீறல் பிழைத்தால் முழுத் தகடும் பழுது. பிற்காலத்தில் மரங்களை அவர் இலை இலையாகக் கீறியதற்கு அந்தக் கைப்பழக்கம்தான் காரணமாம்.

ஓவியப் பள்ளிக்கூடம் எதற்கும் அவர் போகவில்லை. ஈயக் குழாயில் அடைத்த வண்ணம் கடைக்கு வந்த புதுசு. அதைப் பெட்டியில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு கோடை முழுவதும் மலையில் நடப்பார். கடதாசியை முழங்காலில் வைத்துச் சின்னச் சின்னதாகக் கீறுவார். ஓரத்தில் பென்சிலால், இது ஈரக்கல்லின் நிறம், இது பழுக்காத பேரிக்காயின் நிறம் என்று குறிப்பு எழுதி வைப்பார். பனி தொடங்கியதும் நியூயோர்க்குக்குத் திரும்பி, வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்த அறைக்குள் இருந்து அவற்றை ஆளுயரப் படங்களாக்குவார். கோடையில் கண்டதைக் குளிரில் நினைத்து நினைத்துக் கீறுவதுதான் அவருடைய தொழில். ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முப்பது வயதுக்குள் அவருக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

அடுத்த பக்கத்தில் அரை வரி. தமையனோடு ஏதோ மனவருத்தமாம், அதன் பிறகு, தமையன் இருந்த அந்தப் பள்ளத்தாக்கு வீட்டுக்கு அவர் போகவில்லையாம். அவ்வளவுதான். வார்னிஷைப் பற்றி நாலு பக்கம், படச்சட்டம் செய்த தச்சனைப் பற்றி ஒரு பக்கம், குதிரையை விற்றுத் தொழில் பழக்கிய அண்ணனோடு என்ன கோபம் என்பதற்கு அரை வரி. எங்கள் ஆட்கள் எழுதியிருந்தால் காணிச் சண்டையா, கலியாண வீட்டுச் சண்டையா என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூடிப் பைக்குள் தள்ளினேன். ஆத்திரம் புத்தகத்தின் மேல் இல்லை. எனக்கு ஒரு அக்கா இருக்கிறார், எட்டு வருடமாக நாங்கள் கதைப்பதில்லை.

இந்த நாட்டுக்கு வந்தபோது சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில், அக்காவின் வீட்டில்தான் நாங்கள் வந்து இறங்கினோம். ஒரு அறையில் அக்காவும் அவருடைய மகனும், மற்ற அறையில் நானும் கணவரும் கைக்குழந்தையும். அத்தான் அப்போதே உயிரோடு இல்லை. நானும் கணவரும் ஆளுக்கொரு ஷிஃப்ட் ஓடினோம். என் மகளுக்குச் சோறு தீத்தியது, தலை பின்னியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் அக்கா. பிள்ளை முதலில் பெரியம்மா என்றுதான் கூப்பிடப் பழகினாள், அம்மா பிறகுதான் வந்தது. எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு நாங்கள் ஸ்காபரோவுக்குப் போனோம். அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார்.

மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் கார்ட் அடித்து, ஒவ்வொரு சனி ஞாயிறும் நானும் கணவரும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கார்ட். சோடியாகப் போய், தட்டத்தை நீட்டி, வாயால் சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கு அது சொன்னது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் ஒன்றும் விடவில்லை. கோயிலில் முகம் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். அக்காவின் பெயரைப் பட்டியலில் எழுதவே இல்லை. கலியாணமே அவருடைய வீட்டுக் கலியாணம், வீட்டுக்காரிக்கு யார் போய்ச் சொல்வது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கோயிலில் ஒரு மனுசி அக்காவிடம், "உங்கட பெறாமகளுக்குக் கலியாணமாம், எங்களுக்கு வந்து சொல்லிப்போட்டினம். உங்களுக்கு எப்ப சொன்னவை?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா பூசைக்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். இது ஒன்றும் தெரியாமல் நான் அடுத்த நாள் போன் எடுத்து, கூறைச்சீலை பார்க்கப் போவோம் வாங்கோ என்றேன்.

"சொன்ன ஆக்களைக் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

"என்னக்கா கதைக்கிறியள்? உங்களுக்கும் கார்ட் வைக்கவேணுமோ?"

"ஊருக்கெல்லாம் வைச்சனி. எனக்கும் ஒண்டு வைச்சால் கை தேஞ்சுபோடுமோ?"

அந்த இடத்தில் நான், பிழைதான் அக்கா, இப்பவே வாறன் என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். "சரி, அனுப்பிவிடுறன்," என்று போனை வைத்தேன். வைத்த கையோடு கார்ட்டை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தபால்பெட்டிக்குள் போட்டேன். சொந்த அக்காவுக்கு, சப்வேயில் முக்கால் மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய வீட்டுக்கு. கணவர் வேண்டாம் என்றார், கேட்டேனா? கார்ட் கிடைத்த அன்று அக்காவே போன் எடுத்தார். "தபால்காரன் சொல்லுற கலியாணத்துக்கு நான் வரமாட்டன்," என்றுவிட்டு வைத்தார்.

வரமாட்டார் என்று நான் நம்பவில்லை. தாலி ஏறும் வரைக்கும் மண்டப வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கலியாண அல்பத்தில் ஒரு படத்திலும் நான் கமராவைப் பார்க்கவில்லை. மகளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருடத்துக்குப் பிறகு என் கணவர் மாரடைப்பில் போனார். அக்கா வந்தார். நல்லதுக்குச் சொன்னால்தான் போவது, கெட்டதுக்குச் சொல்லாமலே போவது. கடைசி வரிசையில் இரண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறார். நான் எழும்பி அவரிடம் போகப் பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. அதற்காகச் சொல்லாமல் போனாரா, கோபத்தில் சொல்லாமல் போனாரா? எத்தனையோ நாள் இதை யோசித்து அழுதிருக்கிறேன். கோபம் எனக்கு எப்போதோ செத்துவிட்டது. அக்கா வேண்டும் என்ற ஏக்கம்தான் மிச்சம். ஆனால் போகவில்லை. சோடியாகப் போய்ச் சொல்லவேண்டியதைத் தனியாகப் போய் எப்படிச் சொல்வது என்று ஒரு சாட்டு வைத்திருந்தேன்.

கண்காட்சி தொடங்கிய பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலை முடிந்து கிழக்கே வீட்டுக்குப் போகாமல், ஸ்ட்ரீட்கார் ஏறி, பார்லிமென்ட் தெருவில் இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுண் பக்கம் நடந்து, அக்காவின் கட்டடத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடத்தில் நிற்பேன். கீழிருந்து எண்ணினால் பதினாலாவது வரிசை, இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஜன்னல். மஞ்சள் திரைச்சீலை போட்டிருந்தது. அக்காவுக்கு மஞ்சள் பிடிக்கும். ஆறு மணிக்கு வெளிச்சம் வரும். சாமிக்கு விளக்கு வைக்கிறார் என்று நினைப்பேன். ஒரு நாள் பல்கனியில் சைக்கிள் ஒன்று சாத்தியிருந்தது. மகன் வாங்கியிருப்பான், இந்தக் குளிரில் எங்கே ஓடப்போகிறான் என்று எனக்குள் பேசிக்கொண்டேன். வெளிச்சம் வராத நாட்களில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன். எட்டு வருடத்தில் எனக்கு அக்காவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த ஜன்னல்தான்.

இதற்கிடையில் புத்தகத்தில் மனுசன் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தார். அவருடைய மிகப் பெரிய படத்தைத் தனியாக ஒரு அறையில் வைத்து, இரண்டு பக்கமும் கறுப்புச் சீலை கட்டி, காஸ் விளக்குப் போட்டுக் காட்டினார்களாம். சனம் தெருவரைக்கும் வரிசையில் நின்றதாம். அதுவும் அதே பள்ளத்தாக்குத்தான், அந்தப் படம் என் அறையில்தான் தொங்கியது. பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் மாட்டியிருந்தார்கள். வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் கமராவால் எடுத்ததாம். முன்னால் இருக்கும் பாறையிலிருந்து கீழே வீடுவரைக்கும் ஒரு ஒற்றையடிப்பாதை அதில் தெளிவாகத் தெரிந்தது. மனுசன் முதலில் பாதையைக் கீறியிருக்கிறார். பிறகு அதன் மேல் பற்றையும் முள்ளுமாகக் கீறி மூடியிருக்கிறார். அந்தப் பற்றையில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும். எத்தனை நாள் இருந்து அதை மூடினாரோ தெரியாது.

கண்காட்சி முடிய ஒரு கிழமை இருக்கும்போது, அதை ஒழுங்குபடுத்திய பெண் என் அறையில் நின்று முப்பது நாற்பது பேருக்கு விளக்கம் சொன்னார். நான் மூலையில் நின்று கேட்டேன். கடைசிச் சுவரில் இருந்த ஐந்து படங்களைக் காட்டி, இவற்றைக் கீறும்போது தமையன் அந்த வீட்டில் இல்லை என்றார். வயலை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மேற்கே போய் வருடங்கள் ஆகியிருந்தன. ஓவியருக்கு யாரும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத யாரோ மூட்டிய அடுப்பின் புகையைத்தான் அவர் கோடைக்குக் கோடை மலையில் இருந்து பார்த்துக் கீறியிருக்கிறார். சத்திரக்காரன் ஒருவன் கதையோடு கதையாகச் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர் மலைக்கே போகவில்லை. கடலை மட்டும் கீறினார், கரை இல்லாத கடல். அந்தப் படங்களை ஒருவரும் விரும்பவில்லை. பாரிஸில் படித்துவிட்டு வந்த இளம் ஓவியர்கள் அவரை இலை எண்ணுகிற கிழவர் என்று பகிடி பண்ணினார்கள். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் படம் கீறப் படிப்பித்து, அப்படியே முடிந்துபோனார்.

அண்ணனும் தம்பியும் பிறகு சந்தித்தார்களா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தம்பி ஒரு கடிதம் போட்டார், அது திரும்பி வந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றார் அந்தப் பெண். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, பார்வையாளருக்குப் போட்ட வாங்கில் போய்க் குந்தி இருந்தேன். அந்த மஞ்சள் திரைச்சீலைக்குப் பின்னால் அக்காதான் இருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னது?

திங்கட்கிழமை கலைக்கூடம் பூட்டு. காலையில் தமிழ்க்கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கினேன். தட்டத்தில் வைத்து, சந்தனம் குழைத்து, கொஞ்சம் கற்கண்டும் போட்டேன். குங்குமம் வைக்கவில்லை, எடுக்க எங்கள் இரண்டு பேரிலும் ஆளில்லை. எங்களுக்கு வேலையிடத்தில் தந்த விருந்தினர் சீட்டு ஒன்று இருந்தது. அதன் நாலு மூலையிலும் மஞ்சள் பூசித் தட்டத்தின் நடுவில் வைத்தேன். அக்காவைக் கண்காட்சிக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவதுதான் என் திட்டம். கலியாணத்துக்குச் சொல்லாதவள் படம் பார்க்கத் தட்டத்தோடு போகிறாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். சிரித்தால் நல்லது, சிரித்தபடி அக்கா கதவைத் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். தட்டத்தைச் சீலைத்துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு சப்வேயில் போனேன்.

பதினாலாம் மாடியில் கதவைத் திறந்தது தமிழ்நாட்டுப் பெடியன் ஒருவன். இங்கே படிக்க வந்தவன் போல, கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அந்தம்மாவா? அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே ஆன்ட்டி. நாங்க வந்தே ஒரு வருஷம் ஆகப்போகுது."

"அப்ப அந்த மஞ்சள் கர்ட்டின்?"

"எங்களுதுதான். ஏன் ஆன்ட்டி?"

சைக்கிளும் அவனுக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு முழங்கால் ஒபரேஷன் நடந்ததாம், மகன் ரெக்ஸ்டேலுக்குக் கூட்டிப்போய்விட்டாராம். ஒபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது. வரும் கடிதங்களை அனுப்பிவைக்க விலாசம் வாங்கி வைத்திருந்தான், அதை ஒரு துண்டில் எழுதித் தந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். பிறகு தட்டத்தைப் பார்த்து, "வீட்ல கல்யாணமா ஆன்ட்டி?" என்றான்.

"ஓம்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ரெக்ஸ்டேலுக்கு சப்வேயும் இரண்டு பஸ்ஸும். வழி நீள, என்ன சொல்வது என்று பாடமாக்கினேன். அக்கா, ஒரு கண்காட்சி நடக்குது, இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. ஓவியர் ஆர் என்று கேட்டால் என்ன சொல்வது, வெள்ளைக்காரன் கீறின மலையைப் பார்க்கவோ என்னைக் கூப்பிட வந்தனி என்றால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கதவே திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

மணியை அடித்துவிட்டு நிறைய நேரம் நின்றேன். உள்ளே டீவி சத்தமும், தரையில் ஏதோ இழுபடும் சத்தமும் கேட்டன. கதவு திறந்தது. அக்கா வோக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க வெள்ளை. நான் நினைத்து வைத்திருந்ததை விட உயரம் குறைந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"ஆருக்கு என்ன நடந்தது?" என்றார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையக்கா. சொல்ல வந்தனான்."

"என்னத்தைச் சொல்ல?"

பாடமாக்கியது ஒன்றும் வாயில் வரவில்லை. துணியை எடுத்துவிட்டுத் தட்டத்தை நீட்டினேன்.

"அக்கா, பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள்தான் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

அந்தக் கலியாணத்துப் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். அக்கா அவனைக் கண்டதில்லை. அக்கா தட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வோக்கரிலிருந்து ஒரு கையை எடுத்தார், உடுப்பில் துடைத்தார், மற்றக் கையையும் எடுத்தார். இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கும்போது கால் தள்ளாடியது. நான் தட்டத்தை விடவில்லை, கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"முகூர்த்தம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்தே காலுக்கு."

"அப்ப முதல் நாளே வந்து நிக்கிறன்," என்றார் அக்கா.